மூட்டுவலி காப்சூலை நிறுத்தியதும் ஆள் சாய்வது ஏன்? கார்டிசோல் பற்றி விளக்கம் தேவை

தோட்டக்கிளினிக்_சுங்கைசிப்புட்:

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஹார்மோன் விஷயம் நன்றாகத் தெரிந்தவர்களிடம் விளக்கம் கேட்டு எழுதுகிறேன்.

58 வயது அம்மா ஒருவர். உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ‘மூலிகை’ காப்சூலை ஒரு வருடத்துக்கும் மேலாகக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பிட்டு வந்திருக்கிறார். வலி மூன்றே நாளில் போய்விட்டதாம். ஆனால் இந்த ஒரு வருடத்தில் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கையும் காலும் மட்டும் மெலிந்துவிட்டன. முன்பு இல்லாத இனிப்புநீர் வந்து மெட்ஃபோர்மின் தொடங்கினார்கள். ரத்த அழுத்தமும் ஏறியது. காப்சூலால்தான் முகம் வீங்குகிறது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, ஒரே நாளில் நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் வாந்தி, உடம்பெல்லாம் வலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு. கிளினிக்கில் பார்த்தபோது அழுத்தம் 86/54, சர்க்கரை 3.4 மில்லிமோல். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே சோடியம் 126, பொட்டாசியம் 4.3, கார்டிசோல் 38 நானோமோல். ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாகத் தரும் கார்டிசோல்) ஊசி போட்ட அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து பேசினார். இப்போது ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையோடு வீடு திரும்பியிருக்கிறார்.

வெளியிலிருந்து வந்த மருந்து உடம்பின் சுரப்பியை எப்படி நிறுத்தும்? சர்க்கரையும் அழுத்தமும் முதலில் ஏறியதும் பிறகு இப்படிச் சரிந்ததும் ஒரே காரணத்தாலா? அட்ரீனல் கோளாறு என்றால் பொட்டாசியம் ஏறும் என்று படித்திருக்கிறேன், இங்கே ஏறவில்லையே?

எல்லாவற்றையும்விட அவசரமான கேள்வி இதுதான். அதே காப்சூலை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இன்னும் பலர் சாப்பிடுகிறார்கள். நிறுத்துங்கள் என்றால் இப்படி ஆகிவிடும். சாப்பிடட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அவர்களிடம் என்ன சொல்வது?


அகச்சுரப்பி_ஈப்போ:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் காப்சூலில் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசோல் போலவே வேலை செய்யும் மருந்து, கலந்திருக்கிறது. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் யாரையும் ‘இன்றே நிறுத்து’ என்று சொல்லாதீர்கள். பெயர்களை எழுதிக்கொண்டு ஓரிரு நாளுக்குள் டாக்டர் பார்க்கும்படி செய்யுங்கள். அதுவரை சாப்பிடுவதையே சாப்பிடட்டும். டாக்டர் அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கையில் கொடுத்த அன்றுதான் காப்சூலை நிறுத்த வேண்டும்.

இனி காரணம். கார்டிசோல் சுரப்பது சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள். ஆனால் அவை தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும். அது அருகிலுள்ள பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கும். அது அட்ரீனலை எட்டிய சில நிமிடங்களில் கார்டிசோல் ஏறத் தொடங்கும். ஏறிய கார்டிசோல் திரும்பிப் போய் மேலே உள்ள இரண்டையும் அடக்கும். லயத்து மக்களுக்குச் சொல்ல வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைக் காட்டுங்கள். தொட்டி நிறைந்தால் மிதவை உயர்ந்து குழாயை அடைக்கும். யாரோ வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றினாலும் மிதவைக்கு வித்தியாசம் தெரியாது, குழாய் அடைபட்டே கிடக்கும்.

ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரியும் பார்ப்பது ரத்தத்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதை மட்டுமே. அது அட்ரீனலிலிருந்து வந்ததா, காப்சூலிலிருந்து வந்ததா என்று அவை பிரித்தறிவதில்லை. இந்த அடக்குதல் எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு கணக்கு: நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கு இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 1 மி.கி. கொடுத்தால், மறுநாள் காலை 8 மணிக்கு அவருடைய கார்டிசோல் 50 நானோமோலுக்கும் கீழே இறங்கிவிடும். கார்டிசோல் மிகுதியாகும் குஷிங் நோய்க்குறியைக் கண்டறிய நாங்கள் செய்யும் பரிசோதனையே இதுதான். ஒரே ஒரு மாத்திரைக்கு இப்படி என்றால், தினமும் இரண்டு வேளை, ஒரு வருடம் சாப்பிட்டவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

ஏ.சி.டி.எச். அட்ரீனலுக்குக் கட்டளையும் தருகிறது, ஊட்டமும் தருகிறது. அது வாரக்கணக்கில் வராமல் போனால் அட்ரீனலின் வெளிப்பகுதியான புறணியின் நடு அடுக்கும் உள் அடுக்கும் சுருங்கிவிடும். மருந்தை நிறுத்திய மறுநாளே ஹைப்போதாலமஸ் விழித்தாலும், பிட்யூட்டரி பழைய அளவுக்கு ஏ.சி.டி.எச். விட வாரங்களோ மாதங்களோ ஆகும். சுருங்கிய புறணி மறுபடி வளர்ந்து கார்டிசோல் தர அதற்குப் பிறகும் நாளாகும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், அதையும் தாண்டுபவர்கள் உண்டு.

பொட்டாசியத்துக்கு வருகிறேன். புறணியின் வெளி அடுக்கு, உப்பையும் பொட்டாசியத்தையும் சீராக வைக்கும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அதை முக்கியமாக ஆள்வது சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் வழியும் ரத்தத்தின் பொட்டாசிய அளவும்தான். ஏ.சி.டி.எச்-க்கு அதில் சிறு பங்குதான். ஆகவே காப்சூல் ஏ.சி.டி.எச்-ஐ அடக்கினாலும் ஆல்டோஸ்டிரோன் தப்பிவிடும், பொட்டாசியம் ஏறாது. நீங்கள் படித்தது அடிசன் நோய். அதில் மூன்று அடுக்கும் அழிந்துபோகும், பொட்டாசியம் ஏறும். ஏ.சி.டி.எச். மிதமிஞ்சி இருப்பதால் வாயின் உட்புறமும் உள்ளங்கை ரேகைகளும் கருக்கும். இந்த அம்மாவுக்கு அப்படிக் கருத்திருக்காது. சோடியம் மட்டும் குறைந்ததற்குக் காரணம் வேறு. போதிய கார்டிசோல் இல்லாதபோது நீரைத் தேக்கிவைக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் அடங்காமல் சுரக்கும். உடம்பில் நீர் தங்கி சோடியம் நீர்த்துப்போகும். வாந்தியும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

சர்க்கரை ஏறியதும் இறங்கியதும் ஒரே ஹார்மோனின் இரண்டு ஓரங்கள். கார்டிசோல் மிகுந்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். அதற்கு மூலப்பொருள் தசைப் புரதம், கைகால் மெலிந்தது அதனால்தான். தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காது. கணையம் ஈடுகொடுக்கும் வரை ஓடும், முடியாதபோது இனிப்புநீர் தெரியவரும். கார்டிசோல் இல்லாமல் போனால் பட்டினியில் சர்க்கரை தயாரிக்கும் அந்த வேலையே தடைபடும். அதோடு வாந்தியும் சாப்பாடின்மையும் சேர, 3.4 வந்தது. ரத்த அழுத்தமும் அதே கதை. ரத்தக் குழாய்கள் அட்ரீனலினுக்கும் நோரட்ரீனலினுக்கும் சுருங்கிக்கொடுக்கக் கார்டிசோல் வேண்டும். அது இல்லாதபோது இதயம் எவ்வளவு துடித்தாலும் அழுத்தம் பிடிக்காது.

வலி மூன்று நாளில் போனது பொய்யல்ல, அதையும் மக்களிடம் ஒப்புக்கொள்ளுங்கள். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டபோது சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் கென்டல், ரைக்ஸ்டைன் இருவரோடு ஹென்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உருண்ட முகமும் மற்ற விளைவுகளும் அந்த முதல் நோயாளிகளிடமே தெரிந்துவிட்டன. மருந்து அருமையானது. எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒருவர் கணக்கு வைக்காமல் கொடுப்பதுதான் ஆபத்து.


மருந்தாளுநர்_கோலகங்சார்:

டாக்டர் சொன்னதில் அளவுக் கணக்கைச் சேர்க்கிறேன், தோட்ட கிளினிக்கில் இது உதவும்.

ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி., டெக்சாமெத்தசோன் ஏறத்தாழ 0.75 மி.கி. — இவை நான்கும் ஒரே வலு. கார்டிசோல் இல்லாத பெரியவருக்கு நாளுக்கு ஹைட்ரோகார்டிசோன் 15 முதல் 25 மி.கி. வரை போதும். ஒரு காப்சூலில் டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி. கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு என்றால் 1.5 மி.கி., அதாவது பிரெட்னிசோலோன் 10 மி.கி., ஹைட்ரோகார்டிசோன் 40 மி.கி.. உடம்புக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு, ஓய்வே இல்லாமல். இரவு வேளையும் சேர்வது கூடுதல் கெடுதல். நள்ளிரவை ஒட்டி உடம்பு கார்டிசோலை மிகவும் குறைத்து வைத்திருக்கும், விடியும் முன் ஏற்றத் தொடங்கும். டெக்சாமெத்தசோனின் செயல் 36 மணி நேரத்துக்கு மேலும் நீடிப்பதால் அந்த இரவு இறக்கம் வரவே வராது.

பாசார் மாலாமில் விற்கும் பொட்டலத்தில் அளவு ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். குடிசைத் தொழிலாக அடைக்கும் காப்சூலில் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். ஸ்டீராய்டோடு குளோர்ஃபெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் சேர்ந்திருக்கலாம், சாப்பிட்டதும் தூக்கம் வருவது அதனால். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்து கலந்திருந்தால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறும் வரும். ஆகவே கறுப்பு மலம் போகிறதா என்றும் கேளுங்கள்.

எப்படிச் சந்தேகிப்பது? மூட்டுவலி, ஆஸ்துமா, அரிப்பு, பசியின்மை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று விற்றால் சந்தேகியுங்கள். ஓரிரு நாளில் வலி பறந்துபோனால், பசி திடீரென்று கூடினால், நிறுத்தியதும் முன்னைவிட வலி வந்தால் ஏறக்குறைய உறுதி. மஜூன் உருண்டை, ஜாமு தூள், காப்பிப் பொட்டலம் என்று எந்த வடிவிலும் வரும்.

மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். எட்டு இலக்கம், பாரம்பரிய மருந்தானால் அதன் பின் டி எழுத்து. அதோடு சுகாதார அமைச்சின் பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். எண்ணை அப்படியே நம்பாமல் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையான என்.பி.ஆர்.ஏ-யின் இணையத் தேடலில் போட்டு, வரும் பெயரும் தயாரிப்பாளரும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு பெற்ற பின் கலப்படம் செய்து பதிவு ரத்தான பொருட்களும் உண்டு, ரத்துப் பட்டியலையும் அதே முகமை வெளியிடுகிறது. டெக்சாமெத்தசோன் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் பி பிரிவு. டாக்டரின் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. பாரம்பரிய மருந்தில் அது இருக்க எந்த வகையிலும் அனுமதி இல்லை.

ஒன்றை மறக்காமல் செய்யுங்கள்: மிச்சமுள்ள காப்சூலையும் உறையையும் தூக்கி எறியவிடாதீர்கள். ஒரு பையில் போட்டு, வாங்கிய இடம், தேதி, எத்தனை நாள் சாப்பிட்டார் என்று எழுதி நோயாளியோடே அனுப்புங்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் வழியாக அது அமலாக்கப் பிரிவுக்குப் போய், ஆய்வுக்கு அனுப்ப முடியும்.

சாப்பிடுவது மட்டுமே ஸ்டீராய்டு என்று எண்ணிவிடவும் வேண்டாம். முகம் வெளுக்க வாரக்கணக்கில் பூசும் பெயரில்லாக் களிம்பு, மூட்டுக்குள் அடிக்கடி போடும் ஊசி, அதிக அளவில் இழுக்கும் ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவையும் அட்ரீனலை அடக்கக்கூடியவை. விசாரிக்கும்போது இவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். இன்ஹேலரை மட்டும் அவர்களாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆஸ்துமாவே ஆளை அடித்துவிடும்.


தோட்டக்கிளினிக்_சுங்கைசிப்புட்:

மிகவும் நன்றி டாக்டர், நன்றி ஐயா. தொடர்ந்து சில சந்தேகங்கள். அந்த அம்மாவுக்குக் காலை 10, மதியம் 5, மாலை 5 மி.கி. எழுதியிருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பினால் விடியற்காலை 5 மணிக்கே எழுவார். எந்த நேரத்தில் எடுப்பது? காய்ச்சல் வந்தால்? கோயில் திருவிழாவுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் வழக்கமும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களை டாக்டர் எப்படிக் குறைத்துக்கொண்டு வருவார் என்பதும் தெரிந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பேன்.


அகச்சுரப்பி_ஈப்போ:

கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், விழிக்கும் நேரத்தைப் பாருங்கள். உடம்பின் சொந்தக் கார்டிசோல் விழிக்கும் நேரத்தை ஒட்டித்தான் உச்சம் தொடும். 5 மணிக்கு எழுபவர் எழுந்தவுடன் படுக்கையருகிலேயே 10 மி.கி. எடுக்கட்டும். பிறகு 10, 11 மணி வாக்கில் 5, பிற்பகல் 3, 4 மணிக்குள் கடைசி 5. இரவு எடுத்தால் தூக்கம் கெடும். மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவராக இருந்தால் மாலை எழும்போது முதல் வேளை, மற்றவை அதிலிருந்து கணக்கு. வயலுக்குள்ளே போகும்போது பகல் வேளை மாத்திரையைச் சிறு டப்பியில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கிறது, திரும்பி வந்து சாப்பிடுகிறேன் என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

காய்ச்சல், சளி, பல் பிடுங்குதல், அடிபடுதல் எல்லாம் வந்தால் நல்ல அட்ரீனல் தானே கூடுதலாகச் சுரக்கும். இவருக்கு அது முடியாது, நாம் ஏற்றித் தர வேண்டும். காய்ச்சல் 38 தாண்டினால் அன்றைய அளவை இரட்டிப்பாக்குங்கள், 39 தாண்டினால் மும்மடங்கு. காய்ச்சல் விடும்வரை, சாதாரணமாக இரண்டு, மூன்று நாள். பிறகு நேரே பழைய அளவுக்குத் திரும்பலாம். மாத்திரை எடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, ஊசிதான். பேதியும் வாந்தியும் சேர்ந்தால் வயிறு மாத்திரையை ஏற்காது என்பதை வீட்டாருக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள், அட்ரீனல் நெருக்கடிக்கு அடிக்கடி காரணமாவது இந்த வயிற்றுக் கோளாறுதான்.

நெருக்கடி என்று தோன்றினால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ரத்தநாளத்திலோ தசையிலோ உடனே. உங்கள் கிளினிக்கில் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் போடுங்கள். 0.9 சதவீத சலைன் முதல் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர், இதய நோயாளி, சிறுநீரக நோயாளி என்றால் கவனித்து. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ். ஆஸ்பத்திரியில் அதன் பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. ஓடும். முடிந்தால் ஊசிக்கு முன் கார்டிசோலுக்கு ரத்தம் எடுத்து வையுங்கள், ஆனால் ரத்தம் கிடைக்கவில்லை என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லாமல் போட்ட ஒரு 100 மி.கி. யாரையும் கொல்லாது, தேவையானபோது போடாமல் விட்டால் கொல்லும்.

விரதம். சைவச் சாப்பாடு மட்டும் என்றால் தடையே இல்லை. ஒருவேளைச் சாப்பாடு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமை, வெயிலில் நடை என்றால் இந்த வருடம் வேண்டாம் என்பதே என் கருத்து. எப்படியும் இருப்பேன் என்பவரை முன்கூட்டியே டாக்டரிடம் அனுப்புங்கள். ஹைட்ரோகார்டிசோனுக்குப் பதில் நீண்ட நேரம் வேலை செய்யும் பிரெட்னிசோலோனைக் காலையில் ஒரே வேளையாக மாற்றித் தர வழி இருக்கிறது. மயக்கம், தலைசுற்றல் வந்தால் விரதத்தை அங்கேயே முடித்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களைக் குறைக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். காப்சூலில் என்ன அளவு என்று தெரியாததால் பெரும்பாலும் பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, அறிகுறி பார்த்துக் குறைப்போம். மேலே இருக்கும்போது வாரத்துக்கு 5 மி.கி. என்று வேகமாக இறங்கலாம். 10-க்குக் கீழே வரும்போது 1 முதல் 2.5 மி.கி. ஆக, சில வாரத்துக்கு ஒருமுறை. 5 மி.கி. வந்ததும் நின்று, காலை ரத்தத்தில் கார்டிசோல் பார்ப்போம், அல்லது ஹைட்ரோகார்டிசோனுக்கு மாற்றுவோம். இந்த இறக்கத்தில் மூட்டுவலி, தசைவலி, மனச்சோர்வு, தூக்கமின்மை வரும். அளவு இன்னும் உடம்பின் தேவைக்கு மேலேயே இருக்கும்போதுகூட வரும், பழகிய உயரத்திலிருந்து இறங்குவதன் வேதனை அது. இதை முன்பே சொல்லாவிட்டால் பழைய வலி திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி பாசார் மாலாமுக்குப் போய்விடுவார்கள். முழங்காலுக்கு பாராசிட்டமோல், தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் அதே நாளில் தொடங்கியாக வேண்டும். வலிக்கு வேறு வழி காட்டாமல் காப்சூலைப் பிடுங்குவதில் பயனில்லை.

இனிப்புநீர் மருந்தையும் மறவாதீர்கள். ஸ்டீராய்டு குறையக் குறைய சர்க்கரையும் அழுத்தமும் இறங்கும். இன்சுலினோ கிளிக்ளசைடு மாத்திரையோ எடுப்பவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து விழுவார். வாரம் இருமுறையாவது விரலில் குத்திப் பாருங்கள். ஸ்டீராய்டு ஏற்றும் சர்க்கரை பிற்பகலிலும் மாலையிலும்தான் அதிகம் தெரியும், காலை வெறும் வயிற்றில் நல்ல எண்ணாக வந்து ஏமாற்றும்.


ரத்தக்கூடம்:

டாக்டர் குறிப்பிட்ட காலைக் கார்டிசோல் பற்றி, ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து. பாதி மாதிரிகள் தவறான நேரத்தில் வருகின்றன, அதனால் எழுதுகிறேன்.

காலை 8 மணியை ஒட்டி எடுக்க வேண்டும், 9-க்கு மேல் போனால் எண்ணைப் படிப்பது கடினம். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, வரிசையில் நின்று 11 மணிக்கு ரத்தம் கொடுத்தால் குறைந்த எண் வரும், சுரப்பி விழித்திருந்தாலும் தூங்குவதாகத் தோன்றும். முந்தைய நாள் காலை வேளைக்குப் பிறகு, அதாவது 24 மணி நேரம் ஸ்டீராய்டு இல்லாமல் வர வேண்டும். ரத்தம் எடுத்த அடுத்த நிமிடமே அன்றைய மாத்திரையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே மாத்திரையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசோலேதான், மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் மாத்திரையைத்தான் அளப்போம். பிரெட்னிசோலோனும் பல கருவிகளில் கார்டிசோலாகத் தவறாகப் பதிவாகும். டெக்சாமெத்தசோன் அப்படிப் பதிவாகாது. முகம் உருண்டு, குஷிங் அறிகுறி எல்லாம் இருக்கும் ஒருவரின் கார்டிசோல் 38 என்று வருவது வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டைக் காட்டும் முரண், டெக்சாமெத்தசோன் கலப்படத்தில் இப்படித்தான் வரும்.

300 நானோமோலுக்கு மேல் வந்தால் சுரப்பி மீண்டுவிட்டது என்று டாக்டர் நிறுத்தலாம். 150-க்குக் கீழே என்றால் மாத்திரையைத் தொடர்ந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இடையில் வந்தால் இன்னும் சில வாரம் பொறுத்துத் திரும்ப எடுப்பார்கள், அல்லது சினாக்தென் பரிசோதனை: செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு 30, 60 நிமிடத்தில் கார்டிசோல் பார்ப்பது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண் என்றால் படிவத்தில் எழுதிவிடுங்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கார்டிசோலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டும், உண்மையில் குறைவாக இருந்தாலும் எண் உயர்ந்து காட்டும்.


லயத்து_வாசகி:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். அட்ரீனலுக்குச் சக்தி தரும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். அசுவகந்தா, அதிமதுரம் கலந்ததாம். அதைச் சாப்பிட்டால் சுரப்பி சீக்கிரம் விழிக்காதா?


மருந்தாளுநர்_கோலகங்சார்:

விழிக்காது அம்மா. சுருங்கிய புறணியை வளர்ப்பது சொந்த ஏ.சி.டி.எச். மட்டுமே, அதற்கு வேண்டியது காலமும் சரியான அளவு மருந்தும். அதிமதுரம் விஷயத்தில் எச்சரிக்கையே வேண்டும். அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கும். உப்பும் நீரும் தங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ஹைட்ரோகார்டிசோன் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது இன்னும் கூடும். அந்தப் பொடியிலும் பதிவெண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.


தொற்றுநோய்_வார்டு:

யாரும் சொல்லாத ஒன்று. நீண்ட நாள் ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பை அடக்குகிறது, தோட்டத்தில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக உள்ளே போகும். மற்ற குடற்புழுக்களைப் போலன்றி உடம்புக்குள்ளேயே பெருகி, பத்து இருபது வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கிடைத்ததும் கட்டுமீறிப் பெருகி, குடலிலிருந்து நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் பரவும். அப்போது குடல் பாக்டீரியாவும் கூடவே போகும், அந்த நிலை பெரும்பாலும் உயிரைக் குடிக்கும். வழக்கமாகப் புழு இருந்தால் ஏறும் ஈசினோஃபில் என்ற வெள்ளணு, ஸ்டீராய்டால் குறைந்து மறைந்துவிடும், எனவே சாதாரண ரத்த எண்ணிக்கையை நம்ப முடியாது. ஓயாத வயிற்றுவலி, ஊர்ந்து போவது போன்ற அரிப்புத் தடிப்பு, இருமல் இருந்தால் மலமும் ரத்தமும் பரிசோதிக்கக் கேளுங்கள். இதற்கு மருந்து ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். சாதாரணப் புழு மாத்திரையான அல்பெண்டசோல் ஒரே வேளையை நம்பியிருக்க முடியாது.

அடுத்தது மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் பாக்டீரியா. இனிப்புநீரும் ஸ்டீராய்டும் சேர்ந்தவரை மழைக்காலத்தில் தேடிப் பிடிக்கும். காய்ச்சலோடு நிமோனியா, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்று வரும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். ஸ்டீராய்டு காய்ச்சலையே அமுக்கிவிடும், 37.5 என்று கருவி காட்டினாலும் ஆள் வாடியிருந்தால் அனுப்பிவிடுங்கள்.

இந்த அம்மாவுக்கு பூட்ஸ், கையுறை இல்லாமல் வேலைக்கு அனுமதி எழுத வேண்டாம். கண் டாக்டரிடம் புரை, கண்ணழுத்தம் இரண்டும், எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், தொடைத் தசை மீள்வதை எந்தக் கருவியும் இல்லாமல் அளக்க அது போதும். கழுத்திலோ பணப்பையிலோ ஓர் அட்டை வேண்டும். அதை மலாயில் எழுதுங்கள், விபத்துப் பிரிவில் முதலில் படிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பெயர், அடையாள அட்டை எண், ‘ஸ்டீராய்டு சார்ந்தவர், வாந்தி அல்லது மயக்கமானால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே’ என்ற வரி, இப்போது எடுக்கும் அளவு, கிளினிக் தொலைபேசி எண். அளவு மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றிக் கொடுங்கள்.